எதை ஒரு துண்டாக எண்ணுவது

போன வாரம் ரிஸ்னா தொலைபேசியில் பேசினாள். மாத்தளையில் நான் ஓய்வுபெறும்வரை வேலை செய்த கணினி வள நிலையத்தில் இப்போது அவள்தான் போதனாசிரியை. பாடசாலைப் பிள்ளைகளின் நிரலாக்கப் போட்டிக்குப் புதிதாகப் புள்ளித்திட்டம் எழுதுகிறார்களாம். “டீச்சர், ஒரு ப்ரோக்ராம் சிறுசா பெருசான்னு ஒங்க காலத்துல எப்பிடி எண்ணுனீங்க?” என்று கேட்டாள். ஒரு மத்தியானம் முழுக்கப் பேசவேண்டிய விஷயம் என்றேன். அப்படியானால் எழுதித் தாருங்கள் என்றாள். எழுதச் சொன்னவள் கடைசிவரை வாசிக்கவும் வேண்டும், அதுதான் என் நிபந்தனை. சந்தோஷமான கதை அல்ல என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கவேண்டும். சிறுபிள்ளைகள் கணினிக்குக் கட்டளை எழுதிப் பழகுவதற்கென்று ஒருவகை மொழி உண்டு. அதில் ஒன்றையும் தட்டச்சு செய்யவேண்டியதில்லை. ‘பத்து அடி நட’, ‘திரும்பு’, ‘மூன்று தடவை செய்’ என்று வண்ண வண்ணத் துண்டுகள் திரையின் ஓரத்தில் இருக்கும். வேண்டியதை இழுத்துவந்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தவேண்டும். துண்டின் மேலே ஒரு பள்ளம், கீழே ஒரு மேடு. சரியான துண்டு சரியான இடத்தில் ஒட்டிக்கொள்ளும். சில துண்டுகளின் நடுவில் துளைகள் இருக்கும். கூட்டல், பெருக்கல் மாதிரியான கணக்குத் துண்டுகளும், ‘முதல்நாள் மழை’ மாதிரி ஓர் அளவைக் குறிக்கும் துண்டுகளும் உருண்டையாக இருக்கும். அவை அந்தத் துளைக்குள் போய் உட்காரும். அந்த உருண்டைக்குள் இன்னொரு உருண்டையையும் வைக்கலாம். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. எண்ணுகிற எங்களுக்குத்தான் வில்லங்கம்.

நான் கணித ஆசிரியையாகத் தொடங்கியவள். எண்பத்து மூன்றில் எங்கள் தெரு எரிந்தபோது கையில் கிடைத்த சான்றிதழ்களோடு மாதா கோயிலில் போய் உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகும் இதே ஊரில் இதே பிள்ளைகளுக்குத்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். தொண்ணூறுகளில் கண்டியில் கணினிப் பயிற்சி ஒன்றுக்கு அனுப்பினார்கள். வேறு யாரும் போக விரும்பவில்லை என்பதுதான் என் தகுதி. திரும்பி வந்தபோது வள நிலையத்துக்குப் போட்டார்கள்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் ரணவீர சேர். ஒல்லியான மனிதர். யார் முறைப்பாடு சொன்னாலும் எழுந்து நின்று கேட்பார். சொல்லி முடிந்த பிறகுதான் உட்காருவார். சிற்றூழியர் சொன்னாலும் அப்படித்தான், கல்விப் பணிப்பாளர் சொன்னாலும் அப்படித்தான். என்னோடு சிங்களத்தில் பேசுவார். பிள்ளைகளோடு மட்டும் தனக்குத் தெரிந்த தமிழை மெல்ல மெல்ல எடுத்து வைப்பார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவருடைய குணத்தை முதலில் அறிந்தது, தட்டச்சு செய்து எழுதும் கணினி மொழிகளின் காலத்தில். அப்போது நிரலின் அளவு என்றால் வரிக் கணக்கு. இத்தனை வரிக்குள் எழுதவேண்டும் என்று போட்டி வைத்தோம். ஒரு கெட்டிக்காரப் பையன் கட்டளைகளுக்கு நடுவே முக்காற்புள்ளியைப் போட்டு, ஆறேழு கட்டளைகளை ஒரே வரியில் திணித்துவிட்டான். கணினி ஏற்றுக்கொண்டது. நான் ஏற்கவில்லை. இது ஏமாற்று, தள்ளிவைப்போம் என்றேன். முக்காற்புள்ளி கூடாது என்று நாம் சொன்னோமா என்று சேர் கேட்டார். சொல்லவில்லை. பரிசு அவனுக்கே போனது. அடுத்த போட்டியில் ‘ஒரு வரிக்கு ஒரு கட்டளை’ என்ற விதி வந்தது. எனக்கு அன்றைக்கு எரிச்சல்தான், ஆனாலும் யாருக்கும் பெரிய நட்டமில்லை.

யுத்தம் முடிவதற்கு முந்திய காலத்தில்தான் இந்தத் துண்டு மொழி எங்கள் மாவட்டத்துக்கு வந்தது. கொழும்பில் ஒரு போட்டி அறிவித்தார்கள். கொடுத்த வேலையைச் சரியாகச் செய்கிற நிரல்களில் எது மிகச் சிறியதோ, அதை எழுதிய பிள்ளைக்கு மாவட்ட முதலிடம். முதலிடம் வருகிற பிள்ளை கொழும்பில் ஒரு நல்ல பாடசாலையில் விடுதியில் தங்கி உயர்தரம் படிக்கலாம், செலவெல்லாம் அவர்களுடையது. சுற்றறிக்கையில் ‘அளவு துண்டுகளின் எண்ணிக்கையால் கணிக்கப்படும்’ என்று ஒரே வரி. எது துண்டு என்பதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

அந்தப் பரிசு யாருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை எனக்கு முன்பே சொன்னவர் சவரிமுத்து மாஸ்டர். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தவர். அந்தப் பாடசாலை சாதாரண தரத்தோடு, அதாவது பதினோராம் ஆண்டோடு, நின்றுவிடும். அங்கே யோகேஸ்வரி என்று ஒரு பெண். கணக்கு என்றால் உயிர். வீட்டில் மூத்தவள். பரீட்சை முடிந்ததும் கார்மென்ட்ஸ் தொழிற்சாலைக்கு அனுப்புவதாக ஆள் பிடிக்கிறவனிடம் தகப்பன் வாக்குக் கொடுத்துவிட்டார். “இந்தப் போட்டியில வந்துட்டா அவ அப்பாவ நான் பேசிச் சமாளிச்சிருவேன் டீச்சர். வராட்டி எனக்குப் பேச வாய் இல்லீங்க” என்றார் மாஸ்டர்.

அந்தப் பாடசாலையில் கணினி கிடையாது. சனிக்கிழமைகளில் பஸ் ஏறி எங்கள் நிலையத்துக்கு வருவார்கள். பாதையில் சோதனைச் சாவடியில் இறக்கி வைத்துவிட்டால் அன்றைய வகுப்பு போய்விடும். மற்ற நாட்களில் என்ன பழகுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. மாஸ்டர் ஏதோ வழி வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டி நாளன்று மழை இருட்டு. பல்லேகமப் பக்கமிருந்து வரவேண்டிய ஒரு பையன் வரவில்லை. இராணுவத்திலிருந்த அவனுடைய அண்ணன் வன்னியிலிருந்து சவப்பெட்டியில் வந்திருந்தான்; ஊர் முழுக்க இழவுக்கு வெள்ளைக்கொடி என்று அந்தப் பாடசாலை ஆசிரியை சொன்னார்.  சேர் அந்தப் பையனின் கதிரையை எடுக்கவேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார்.

பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை இதுதான். மூன்று நாள் மழை அளவைக் கொடுத்தால் திரையில் மூன்று தூண்கள் வரையவேண்டும். சராசரி எங்கே என்று குறுக்கே ஒரு கோடு காட்டவேண்டும். அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் அடுத்த அறையில் எண்ணும் விதியைத் தீர்மானித்தோம். முடிந்த நிரல்களைப் பார்ப்பதற்கு முன் விதி எழுதிக் கையெழுத்தாகிவிடவேண்டும் என்பது சேருடைய பிடிவாதம். வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து வந்த ஒருவர், அச்சடித்து எத்தனை தாள் வருகிறது என்று பார்த்தால் போதாதா என்றார். மனிதர் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். நான் ஒரே நிரலைச் சிங்களத்திலும் தமிழிலும் அச்சடித்துக் காட்டினேன். ‘மீண்டும் மீண்டும் செய்க’ என்று நம் மொழி நீட்டி முழக்குவதால் தமிழ்ப் பிரதி அடுத்த தாளுக்கு ஓடியிருந்தது. தமிழ் பேசுவதற்கே தண்டமா என்று கேட்டேன். அவர் தாளை வைத்துவிட்டார்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ‘மூன்று தடவை செய்’ என்ற துண்டு, வாய் திறந்த இடுக்கி மாதிரி மற்றத் துண்டுகளைக் கவ்விக்கொள்ளும். கறுப்பு வெள்ளை அச்சில் மேலுதடு ஒன்று, கீழுதடு ஒன்று என்று இரண்டாகத் தெரியும். ஒன்றாகவே எண்ணுவது என்று முடிவானது. எதனோடும் ஒட்டாமல் திரையில் அநாதையாகக் கிடக்கிற துண்டுகள்? அவை வேலை செய்யாது, எண்ணவேண்டாம். தொடக்கத் துண்டு? எல்லோருக்கும் உண்டு, ஆகவே விட்டுவிடலாம். கடைசியில் சேர் எழுதினார்: ‘மேலிருந்து கீழாகப் பொருத்தப்பட்ட துண்டு ஒவ்வொன்றும் ஒன்று.’ இரண்டு தடவை உரக்க வாசித்தார். ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். நான் உட்பட யாருக்கும் ஆட்சேபம் இல்லை. உருண்டைத் துண்டுகள் ஒருவர் நினைவிலும் வரவில்லை. நாங்கள் மாதிரிக்கு வைத்திருந்த நிரலில் துளைகளுக்குள் வெறும் இலக்கங்கள்தான் இருந்தன.

எண்ணுவதற்கும் சேர் ஒரு முறை வைத்திருந்தார். அச்சுத் தாள்களைப் பசை நாடாவால் ஒட்டி நீளமாக்கி, பெயரை வெள்ளைத்தாளால் மூடவேண்டும். மூன்று பேர் மூன்று மூலையில் தனித்தனியாக எண்ணவேண்டும். இடது ஓரத்தில் துண்டுக்கு ஒரு பென்சில் கீறல். மூன்று கணக்கும் ஒத்துவந்தால்தான் பெயர் மறைப்பை எடுக்கலாம்.

ஒத்துவந்தது. மறைப்பை எடுத்தோம். நகரத்துப் பாடசாலைப் பையன் ஒருவன் முதலாவது. யோகேஸ்வரி இரண்டாவது. இடைவெளி கொஞ்சம்தான்.

இரண்டு நிரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் மேசையில் விரித்தபோதுதான் எனக்கு உறைத்தது. பையனுடையது குட்டையாகவும் அகலமாகவும் இருந்தது. சராசரி காண்கிற இடத்தில் ஒரே ஒரு துண்டு. அதன் துளைக்குள் வகுத்தல், வகுத்தலுக்குள் கூட்டல், அதற்குள்ளும் ஒரு கூட்டல் என்று வலது பக்கத் தாள்வரைக்கும் போயிருந்தது. இடது ஓரத்தில் ஒரு கீறல். யோகேஸ்வரியோ முதல்நாள் மழையை எடுத்தாள், இரண்டாம்நாளைக் கூட்டினாள், மூன்றாம்நாளைக் கூட்டினாள், பிறகு மூன்றால் வகுத்தாள். இடது ஓரத்தில் நான்கு கீறல். கணக்கு ஒன்றுதான். கணக்கு வருகிற இடமெல்லாம் இப்படியே இருந்தது.

மாஸ்டரைக் கூப்பிட்டு ஏன் இப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டேன். அவர் தன் சீலைப்பையைத் திறந்து பிஸ்கட் பெட்டி அட்டையில் வெட்டிய துண்டுகளை மேசையில் கொட்டினார். பள்ளம், மேடு எல்லாம் கத்தரிக்கோலால் அழகாக வெட்டியிருந்தது. கணினி இல்லாத நாட்களில் பிள்ளைகள் நிலத்தில் உட்கார்ந்து இதைத்தான் அடுக்கிப் பழகியிருக்கிறார்கள். “நடுவுல ஓட்டை போட்டா அட்டை கிழிஞ்சிருதுங்க டீச்சர். ஈரக்காத்துல அது தாங்காது. அதனால ஒரு துண்டுக்கு ஒரு கணக்குன்னு சொல்லிக்குடுத்தேன். கம்ப்யூட்டர்லயும் அதுதான் சரியா வந்துச்சே” என்றார். முகத்தில் இன்னமும் நம்பிக்கை இருந்தது. முடிவு அவருக்குத் தெரியாது.

நான் உள்ளே போய் இரண்டு நிரலையும் வேறுவிதமாக எண்ணினேன். உருண்டையோ சதுரமோ, பிள்ளை கையால் இழுத்துவந்த ஒவ்வொன்றும் ஒரு துண்டு. சராசரிப் பகுதியில் ஒன்றுக்கு நான்கு என்று இருந்தது ஏழுக்கு ஒன்பது என்று சுருங்கியது. அந்த மிச்ச இடைவெளியைத் தூண் வரைகிற பகுதியில் அவள் தாண்டிவிட்டாள். பையன் மூன்று தூணுக்கும் அதையே மூன்று தடவை எழுதியிருந்தான். இவள் ஒரே தடவை எழுதி மூன்று முறை செய்யவைத்திருந்தாள். முழுவதையும் கூட்டிப் பார்த்தால் யோகேஸ்வரியுடையதுதான் சிறியது. என்னோடு எண்ணிய மற்ற இருவரையும் எண்ணச் சொன்னேன். அவர்களுக்கும் அதே விடை.

ரணவீர சேர் எழுந்து நின்று கேட்டார். தானும் ஒரு தடவை எண்ணினார். நம்முடைய விதி பிழை என்று ஒத்துக்கொண்டார். அப்படியானால் மாற்றுங்கள் என்றேன். பெயரைப் பார்த்த பிறகு மாற்றமுடியாது என்றார்.

அன்றைக்கு நான் குரலை உயர்த்தினேன். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. விதிக்கு நியாயம் பார்க்கிறீர்கள், பிள்ளைக்கு யார் பார்ப்பது என்று கேட்டேன். அந்தப் பையனுக்கு வீட்டிலேயே கணினி இருக்கிறது, இந்தப் பரிசு இல்லாவிட்டாலும் அவன் படிப்பான், இவள் நாளைக்குத் தையல் மெஷினில் உட்காருவாள் என்றேன். ஒரு தமிழ்ப் பிள்ளைக்காக ஒரு தமிழ் டீச்சர் வாதாடுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும் என்றுதான் பேசினேன். மாஸ்டருடைய அட்டைத் துண்டு ஒன்று என் கையிலேயே நசுங்கிப்போனது.

சேர் மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். பிறகு, அதுவரை ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். எண்பத்தொன்பதில், சிங்கள இளைஞர்களைப் படையினர் தேடிப் பிடித்த காலத்தில், அவருடைய தம்பியை ரோட்டில் வைத்துப் பிடித்திருக்கிறார்கள். அவன் வீட்டிலிருந்து வெளிக்கிட்ட நேரத்தில் ஊரடங்கு இல்லை. இவர் போய்க் கேட்டபோது, அந்த நேரத்தில் ஊரடங்கு இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். “ஆளைப் பிடிச்ச பிறகு சட்டத்தைப் போட்டாங்க மிஸ். தம்பி இன்னும் வரல்ல. ஆள் யாருன்னு தெரிஞ்ச பிறகு விதியைத் தொடுறதுக்கு என் கை வராது. நல்லதுக்குன்னாலும் வராது.”

 அவர் சொன்னது பிழை என்றும் சொல்லமுடியவில்லை, சரி என்றும் சொல்லமுடியவில்லை. இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம் மாதிரி நின்றேன். அவரை வெறுக்கவாவது முடிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

முடிவை அவரே வாசித்தார். யோகேஸ்வரி மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து கை தட்டினாள். மாஸ்டர் மேசைக்கு வந்து அட்டைத் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டார். உள்ளே நடந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மழைக்குள் இரண்டு பேரும் பஸ் நிலையத்துக்கு நடந்து போனார்கள்.

சேர் சும்மா இருந்தார் என்று நினைக்கவேண்டாம். அன்றிரவே கொழும்புக்கு நீண்ட அறிக்கை எழுதத் தொடங்கினார். ஓரத்தை எண்ணினால் என்ன விடை, எல்லாத் துண்டையும் எண்ணினால் என்ன விடை, தாளை எண்ணினால் என்ன விடை என்று எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். துளைக்குள் ஒளிந்திருக்கிற வேலையும் வேலைதான், அதையும் எண்ணவேண்டும் என்று எழுதினார். அவர்கள் பரிசீலிப்போம் என்றார்கள். பிறகும் எழுதினார். கல்லில் நார் உரிப்பதுதான். அடுத்த வருஷப் போட்டி விதிகள் வந்தபோது, ‘பிள்ளை இழுத்துப் பொருத்திய துண்டு ஒவ்வொன்றும், எந்த வடிவமாயினும், ஒன்று’ என்று இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்லி அந்தத் தாளை மேசையில் போட்டேன்.

ரிஸ்னா, நீ கேட்டதற்கு விடை அதுதான். எல்லாத் துண்டையும் எண்ணு. பெயரைப் பார்க்குமுன் விதியை எழுது. விதி எழுதுமுன், பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து எதை வைத்துப் பழகினார்கள் என்று ஒரு தடவை போய்ப் பார். நாங்கள் போய்ப் பார்த்திருந்தால் அந்த அட்டைத் துண்டுகளை முன்கூட்டியே கண்டிருப்போம்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சேர் நிறுத்தவில்லை.

புதிய விதி வந்த அந்த வாரமே, அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்லவேண்டும் என்றார். எதற்கு, அவள் கார்மென்ட்ஸுக்குப் போய்விட்டாள், இனி என்ன செய்ய என்று நான் மறித்தேன். தப்பாக அளந்தவர்கள் நாம், அளக்கப்பட்டவளுக்கு அது தெரியவேண்டும் என்றார். தனியாக அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு லீவு கிடைக்கிற பௌர்ணமிப் போயா தினமொன்றில் ரத்தோட்டை பஸ் ஏறினோம். யுத்தம் முடிந்துவிட்டது என்று ஊரெல்லாம் கொடி கட்டியிருந்த நேரம். சாவடிகள் மட்டும் அப்படியே இருந்தன.

மாஸ்டர் தோட்டத்து லயத்தில் அவளுடைய வீட்டுக்குக் கூட்டிப்போனார். யோகேஸ்வரி மெலிந்திருந்தாள். வலது கைச் சுட்டுவிரலில் ஊசி ஏறிய தழும்பு. எங்களைக் கண்டதும் பதறி, கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றினாள். அவளுடைய அம்மா வாசலில் நின்றார். சேர் உட்காரவில்லை. நின்றபடியே, தனக்குத் தெரிந்த தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து, நாங்கள் எண்ணிய முறை பிழை என்றும் இப்போது அது மாறிவிட்டது என்றும் விளக்கினார். உன் காரணத்தால்தான் மாறியது, இனிவரும் பிள்ளைகளுக்கு நல்லது என்றார். அது அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று மெய்யாகவே நம்பினார்.

அவள் கவனமாகக் கேட்டாள். வகுப்பில் கேட்கிற மாதிரியே.

“அப்ப இந்தக் கணக்குப்படி எண்ணியிருந்தா போன வருஷம் யாருங்க சேர் ஃபர்ஸ்ட்?”

சேர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். பொய் சொல்ல அந்த மனிதருக்குத் தெரியாது.

“நீங்கதான் மகள்” என்றார்.

அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். யோகேஸ்வரி அழவில்லை. கையிலிருந்த தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

“நான் பெருசா எழுதிட்டேன்னு நெனச்சிருந்தேங்க சேர். நமக்கு அவ்வளவுதான் வரும்னு நெனச்சு விட்டுட்டேன். இனி எப்பிடிங்க விடறது?”

சேர் அப்போதுதான் உட்கார்ந்தார். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டு நாங்கள் பஸ்ஸுக்கு இறங்கினோம்.